"தம்பி, மெயில் வரலை... என்னன்னு பாருப்பா!" - ஆபீஸ் 'அட்மின்' ஆகிப்போன உங்களுக்கு ஒரு கையேடு

நெல்லிக்குப்பத்தில் கரும்பு சீசன் வந்தால் ரோட்டில் டிராக்டர்கள் வரிசைகட்டி நிற்கும். அந்த ரோட்டோரம் இருக்கிற ஆடிட்டர் ஆபீஸ், உரக்கடை, முந்திரி ஏஜென்ஸி என எதற்குள் நுழைந்தாலும் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர், கூடவே ஒரு குரல் இருக்கும். "தம்பி, மெயில் வரலை... என்னன்னு பாருப்பா!"

அந்தத் தம்பியை வேலைக்கு எடுத்தது பில் போடத்தான். தங்கையாக இருந்தால் டேலியில் கணக்கு எழுத. ஆனால் ஆபீஸில் வயசு கம்மி, கையில் எப்பவும் போன் என்ற இரண்டே தகுதியில் மெயில், டிரைவ், மீட்டிங் லிங்க், ஸ்கேனர் எல்லாம் அவர்கள் தலையில் வந்து விழுந்திருக்கும். யாரும் ஆர்டர் கொடுக்காத அட்மின் பதவி இது. சம்பளத்தில் அதற்கென்று ஒரு ரூபாய்கூட கிடையாது.

இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேராவது அந்தத் தம்பி, தங்கையாகத்தான் இருப்பீங்க. உங்களுக்குத்தான் இது.

முன்னெல்லாம் சாஃப்ட்வேர் சி.டி-யில் வரும். 2007 வெர்ஷனைப் போட்டால், கம்ப்யூட்டர் சாகிறவரைக்கும் அதே வெர்ஷன்தான். இப்போது நாம் பயன்படுத்துவது யாரோ ஒருவருடைய சர்வரில் ஓடுகிறது. அதைத்தான் 'கிளவுட்' என்கிறோம். வாடகை வீடு மாதிரிதான். ஓனர் ராத்திரியோடு ராத்திரியாகச் சுவருக்கு வேற பெயின்ட் அடிப்பார், கதவை மாற்றுவார், வாடகையை ஏற்றுவார், சமயத்தில் வீட்டையே இடிப்பார். இந்த நாலில் எதற்குப் பதறணும், எதற்குத் தோளைக் குலுக்கிவிட்டுப் போகணும்னு தெரிஞ்சா போதும், பாதித் தலைவலி குறையும்.

பெயின்ட் மாறினா விட்டுத்தள்ளுங்க

கூகுளின் ஆபீஸ் மெயில் சேவை முதலில் 'கூகுள் ஆப்ஸ்'. 2016-ல் 'ஜி சூட்' ஆனது. 2020-ல் 'கூகுள் வொர்க்ஸ்பேஸ்'. மைக்ரோசாஃப்ட்டின் 'ஆபீஸ் 365' பிறகு 'மைக்ரோசாஃப்ட் 365' ஆகி, 2025 ஜனவரியில் அந்த ஆப்பின் பெயரோடு 'கோபைலட்'டும் ஒட்டிக்கொண்டது. ஐகான் கலர் மாறும், பட்டன் இடது பக்கத்திலிருந்து வலது பக்கம் போகும். முதலாளி சத்தம் போடுவார். ரெண்டு நாளில் கை பழகிடும். இதற்கெல்லாம் நேரம் செலவழிக்காதீங்க.

வாடகை ஏறுவதைக் கவனிக்கணும். 2025 தொடக்கத்தில் கூகுள், ஜெமினி ஏ.ஐ. வசதிகளை பிசினஸ் பிளான்களுக்குள்ளேயே சேர்த்துக் கட்டணத்தை உயர்த்தியது. மைக்ரோசாஃப்ட்டும் தனிநபர் பிளான்களில் கோபைலட்டைச் சேர்த்து அதேபோல விலையை ஏற்றியது. ஆஸ்திரேலியாவில் இது கோர்ட் வரைக்கும் போனது. கோபைலட் இல்லாத பழைய விலை பிளானும் இருக்கிறது என்பதை, சந்தாவை ரத்து செய்யப் போகிறவர்களுக்கு மட்டும் கடைசியில் காட்டினார்கள் என்று அந்த நாட்டு நுகர்வோர் ஆணையம் 2025 அக்டோபரில் வழக்குப் போட்டது. நமக்கு இதில் ஒரு டிப்ஸ் இருக்கு. புதுப்பிக்கும் மெயில் வந்ததும் கார்டு நம்பரைத் தட்டாதீங்க. உள்ளே போய் வேற பிளான் என்னென்ன இருக்குன்னு ஒரு தடவை பார்த்துட்டு அப்புறம் கட்டுங்க.

வீட்டை இடிக்கிற கதைக்கு ஸ்கைப்பே சாட்சி. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளோடு பேச நம்ம ஊர் அம்மாக்கள் கற்றுக்கொண்ட முதல் ஆப்களில் ஒன்று. 2025 மே 5-ம் தேதி மூடிவிட்டார்கள். 'டீம்ஸ்'க்கு மாறிக்கோங்க என்று முன்கூட்டியே அறிவித்தார்கள்தான். அறிவிப்பைப் படித்தவர்கள் பழைய சாட்டை டவுன்லோடு செய்து வைத்துக்கொண்டார்கள்.

பூட்டு மாறும்போதுதான் ஆபீஸே நிற்கும்

'மெயில் வரலை' என்ற குரலுக்குப் பின்னால் பல நேரம் இருப்பது இதுதான். பூட்டு மாறியிருக்கும், நம் கையில் பழைய சாவி.

ஸ்கேன் செய்த பேப்பரை நேராக மெயிலுக்கு அனுப்பும் ஜெராக்ஸ் மெஷின் உங்க ஆபீஸில் இருக்கா? அதற்குள் யாரோ ஒருவர் என்றைக்கோ ஒரு மெயில் ஐ.டி-யும் பாஸ்வேர்டும் போட்டு வைத்திருப்பார். வெறும் பாஸ்வேர்டை மட்டும் கொடுத்து உள்ளே நுழையும் இந்தப் பழைய முறையைப் பெரிய கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூடி வருகின்றன. பாஸ்வேர்டு திருடுபோனால் தடுக்க வேற வழியே இல்லை என்பதுதான் காரணம். மைக்ரோசாஃப்ட் தன் ஆபீஸ் மெயிலில் 2022 அக்டோபர் 1 முதல் இதை நிறுத்த ஆரம்பித்தது. ஸ்கேனர்கள் மெயில் அனுப்பும் வழிக்கு மட்டும் கூடுதல் அவகாசம் கொடுத்து, அந்தக் கெடுவையும் தள்ளிப்போட்டது. கூகுள் தனிநபர் ஜிமெயிலுக்கு 2022 மே மாதமும், வொர்க்ஸ்பேஸுக்கு 2025-லும் இந்தக் கதவைச் சாத்தியது.

அதனால் ஒருநாள் காலையில் மெஷின் 'எரர்' காட்டும். மெக்கானிக்கைக் கூப்பிட்டால் ரோலரைத் துடைத்துவிட்டு பில் கொடுப்பார். மெஷினில் கோளாறே இருக்காது. ஜிமெயிலாக இருந்தால் இரண்டு அடுக்குப் பாதுகாப்பை ஆன் செய்து, 'ஆப் பாஸ்வேர்டு' என்று 16 எழுத்தில் தனியாக ஒன்றை எடுத்து அந்த மெஷினில் போட்டுப் பாருங்க. பெரும்பாலும் வேலை செய்யும். உங்க பழைய பாஸ்வேர்டு மெஷினுக்குள் உட்கார்ந்திருப்பதைவிட இது பாதுகாப்பும்கூட. ஆபீஸ் மெயில் பாஸ்வேர்டை மாற்றினால் ஆப் பாஸ்வேர்டும் செத்துப்போகும், மறுபடி எடுக்கணும். இதை மெஷின் மேலேயே ஒரு ஸ்டிக்கரில் எழுதி ஒட்டுங்க. (பாஸ்வேர்டை எழுதி ஒட்டாதீங்க. ஒட்டுறவங்க இருக்காங்க!)

இன்னொரு பூட்டு, நம்ம மெயில் மற்றவர்களுடைய ஸ்பாமில் விழுவது. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாகூவும் மெயில் அனுப்புகிறவர்களுக்குக் கட்டுப்பாட்டை இறுக்கின. ஒரு நாளைக்கு ஜிமெயிலுக்கு 5,000-க்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் மூன்றும் கட்டாயம். மற்றவர்களுக்கு முதல் இரண்டில் ஒன்றாவது இருக்கணும். 2025 மே மாதம் மைக்ரோசாஃப்ட்டும் அவுட்லுக், ஹாட்மெயில் முகவரிகளுக்கு அதே வழியில் வந்தது.

பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். எஸ்.பி.எஃப். என்பது 'எங்க கம்பெனி பெயரில் இந்த சர்வர்கள்தான் மெயில் அனுப்பும்' என்று ஊருக்குச் சொல்லும் பட்டியல். டி.கே.ஐ.எம். என்பது கவர் மேல் வைக்கிற அரக்கு சீல். டிமார்க் என்பது 'பட்டியலும் சீலும் ஒத்துவரலைன்னா இந்த மெயிலை என்ன செய்யணும்' என்ற உத்தரவு. மூன்றுமே உங்க டொமைன் செட்டிங்கில் எழுதும் சில வரிகள்தான். அட்மின் பக்கத்தில் காப்பி பண்ணிக்கொள்ளக் கொடுத்திருப்பார்கள். பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. புது சேவைக்கு மாறும்போது பழைய எஸ்.பி.எஃப். வரியை அப்படியே விட்டுவிட்டு இரண்டாவதாக ஒன்றைச் சேர்ப்பார்கள். ஒரு டொமைனுக்கு ஒரு எஸ்.பி.எஃப். வரிதான் செல்லும். இரண்டு இருந்தால் சோதனையே தோற்றுப்போகும். ரெண்டையும் ஒரே வரியாகச் சேர்க்கணும்.

நெல்லிக்குப்பத்திலிருந்து பண்ருட்டி தாண்டினால் நெய்வேலி. என்.எல்.சி-யை நம்பி வேலை எடுத்துச் செய்யும் சின்ன கான்ட்ராக்டர்கள், ஜெம் போர்ட்டலில் பிட் போடுகிறவர்கள் இந்தப் பக்கம் நிறைய. விளக்கம் கேட்டு வரும் மெயிலுக்கு நீங்க அனுப்பும் பதில் எதிர்த் தரப்பின் ஸ்பாமில் தூங்கினால், கெடு முடிந்தபிறகு 'அனுப்பினேனே சார்' என்பதற்கு மதிப்பில்லை. ஒரு வருஷ வேலை அதில் போகும்.

12 லட்சம் பேர் வீடு மாறினாங்க... முகவரி மாறலை

இனி நம்ம தமிழ்நாட்டுக் கதை. மத்திய அரசு ஊழியர்களின் மெயிலை என்.ஐ.சி. என்ற அரசு அமைப்புதான் நடத்திவந்தது. 2023-ல் டெண்டர் விட்டு, ஏழு வருஷத்துக்கு அந்த வேலையை ஜோஹோவுக்குக் கொடுத்தது. சென்னையில் வளர்ந்து, தென்காசி மத்தளம்பாறை வரைக்கும் ஆபீஸ் போட்ட அதே ஜோஹோ. பிரதமர் அலுவலகம் உட்பட சுமார் 12 லட்சம் பேரின் மெயில் ஜோஹோவின் தளத்துக்கு மாறியதாக 2025 அக்டோபரில் செய்தி வந்தது. அதே மாதம் 8-ம் தேதி உள்துறை அமைச்சர் அமித் ஷா தன் மெயிலை ஜோஹோவுக்கு மாற்றிக்கொண்டதாக அறிவித்தார். கல்வி அமைச்சகம் தன் அதிகாரிகளை ஜோஹோவின் ஆபீஸ் ஆப்களைப் பயன்படுத்தச் சொல்லி உத்தரவு போட்டது.

அரசியல், சுதேசி விவாதமெல்லாம் ஒருபக்கம் இருக்கட்டும். நான் கவனித்தது வேறு. இத்தனை லட்சம் பேர் மாறியும், 'கவ் டாட் இன்', 'நிக் டாட் இன்' என்று முடியும் அவர்களின் மெயில் முகவரி மாறவில்லை. விசிட்டிங் கார்டு, லெட்டர்பேடு எதையும் புதிதாக அடிக்க வேண்டியதில்லை. காரணம், அந்தப் பெயர் அரசுக்குச் சொந்தம். பின்னால் ஓடும் சர்வர் மட்டும்தான் வேறொருவருடையது.

இப்போ உங்க ஆபீஸ் மெயில் ஐ.டி-யைப் பாருங்க. கடைப் பெயரும் அதுக்குப் பின்னால் ரெண்டு நம்பரும் போட்ட ஜிமெயிலா? அப்படின்னா அந்த முகவரி வாடகைதான். அக்கவுன்ட் லாக் ஆனால் பத்து வருஷ கஸ்டமர்களுக்கு நீங்க காணாமல் போயிடுவீங்க. சொந்தமாக ஒரு '.இன்' டொமைன் வாங்க பெரும்பாலும் வருஷத்துக்கு ஆயிரம் ரூபாயைத் தாண்டாது. அதை ஜோஹோவிலோ கூகுளிலோ மைக்ரோசாஃப்ட்டிலோ கட்டிக்கொள்ளலாம். பிடிக்கலைன்னா, டொமைனில் 'எம்.எக்ஸ்.' என்ற வரியை மாற்றி வேற இடத்துக்குப் போகலாம். அந்த வரிதான் 'இந்தப் பெயருக்கு வர்ற தபாலை இந்த வீட்டில் கொடு' என்று சொல்கிறது.

இதெல்லாம் எப்போ தேவைப்படும்னு நினைக்கிறவங்களுக்கு நயாரா எனர்ஜி கதை. குஜராத் வாடினாரில் பெரிய எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும், நாடு முழுக்க பெட்ரோல் பங்க்குகளும் வைத்திருக்கும் கம்பெனி. ரஷ்யாவின் ரோஸ்நெஃப்ட்டுக்கு அதில் 49 சதவிகிதப் பங்கு. 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் அதன்மீது தடை விதித்தது. சில நாளிலேயே மைக்ரோசாஃப்ட் அந்தக் கம்பெனிக்கான மெயில், டீம்ஸ் சேவைகளை நிறுத்தியது. இந்தியாவில் இருக்கும் கம்பெனி, இந்தியாவில் வேலை பார்க்கும் ஊழியர்கள், காசும் கட்டியிருக்கிறார்கள். ஆனாலும் இன்பாக்ஸ் திறக்கவில்லை. நயாரா டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அந்த மாதக் கடைசியில் சேவை திரும்ப வந்தது. இடையில் மெயிலுக்கு அவர்கள் ஓடிய இடம் ரெடிஃப்!

நம்ம உரக்கடைமேல் யாரும் தடை விதிக்கப்போவதில்லை. ஆனால் கார்டு எக்ஸ்பைரி ஆகி பணம் கட்டாமல் விட்டாலே அதே கதவு சாத்தப்படும். அதனால் முக்கியமான மெயில்களையும் ஃபைல்களையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு ஹார்டு டிஸ்க்கில் இறக்கி வைங்க. கூகுளில் இதற்கு 'டேக்அவுட்' இருக்கு. மற்றவற்றிலும் 'எக்ஸ்போர்ட்' இருக்கும். தேடிப் பார்த்து வைங்க, தேவைப்படும் நாளில் தேட முடியாது.

காலேஜ் மெயில்... கவனம் ப்ளீஸ்

இதை ஒரு பாராவில் முடிச்சிடலாம்னு நினைச்சேன். ஆனா படிக்கிறவங்க நிறைய பேருக்கு இதுதான் நேரடியாக வலிக்கும். காலேஜ்களுக்கு கூகுள் முன்பு அளவில்லாத ஸ்டோரேஜ் கொடுத்தது. 2021-ல் அந்தச் சலுகையை நிறுத்துவதாக அறிவித்து, ஒரு கல்வி நிறுவனத்துக்கு மொத்தமே 100 டி.பி. என்று வரம்பு கட்டியது. ஆயிரக்கணக்கான மாணவர்கள் படிக்கும் இடத்தில், படிப்பு முடித்தவர்களின் அக்கவுன்ட்டை மூடுவதுதான் நிர்வாகத்துக்குச் சுலபமான வழி.

புராஜெக்ட் ரிப்போர்ட், இன்டர்ன்ஷிப் சர்டிஃபிகேட், லிங்க்ட்இன் லாகின் எல்லாம் அந்த ஐ.டி-யில் கிடக்கும். டிகிரி முடிந்து ஆறு மாதம் கழித்து வரும் இன்டர்வியூ மெயில் பூட்டிய பெட்டிக்குள் போய் விழும். கடைசி செமஸ்டரிலேயே எல்லா இடத்திலும் சொந்த மெயிலை மாற்றுங்க. காலேஜ் அனுமதித்திருந்தால், கூகுள் டேக்அவுட்டிலேயே மெயிலையும் டிரைவையும் நேராகச் சொந்த ஜிமெயிலுக்கு அனுப்பும் வசதி உண்டு. சொந்த ஜிமெயிலையும் சும்மா போட்டுவைக்காதீங்க. இரண்டு வருஷம் தொடாத தனிநபர் அக்கவுன்ட்டுகளை நீக்கும் வேலையை கூகுள் 2023 டிசம்பரிலேயே தொடங்கிவிட்டது. அப்பா பெயரில் எப்பவோ ஆரம்பித்துக் கொடுத்த ஐ.டி-யில் நிலப் பத்திர ஸ்கேன் இருக்கான்னு இன்னைக்கே பாருங்க.

எங்கே பார்த்துத் தெரிஞ்சுக்கிறது?

யூடியூப் வீடியோக்களை நம்பி உட்கார வேண்டாம். பாதிக்கு மேல் தலைப்பிலேயே பூதம் காட்டும். கம்பெனிகளே எழுதி வைக்கின்றன. நாம்தான் படிப்பதில்லை.

மைக்ரோசாஃப்ட் 365 அட்மின் பக்கத்தில் 'மெசேஜ் சென்டர்' என்று ஒன்று இருக்கு. உங்க ஆபீஸுக்கு என்ன மாறப்போகுது, எப்போ, நீங்க எதுவும் செய்யணுமா என்பதெல்லாம் அங்கே வரும். வாரம் ஒருமுறை மொத்தமாக மெயிலில் வரும்படியும் வைக்கலாம். இதைப் படிக்க மட்டும் தனி அனுமதி இருக்கிறது. முழு அட்மின் பாஸ்வேர்டைத் தர மாட்டேன் என்று முதலாளி சொன்னால் இதைக் கேளுங்க. 'ரோட்மேப்' பக்கம் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

கூகுளுக்கு 'வொர்க்ஸ்பேஸ் அப்டேட்ஸ்' பக்கம். அங்கே வாராவாரம் ஒரு தொகுப்பு வரும். கூகுள் அட்மினில் புது வசதி உடனே வேண்டுமா, கொஞ்சம் தாமதமாக வரட்டுமா என்று தேர்ந்தெடுக்க முடியும். சின்ன ஆபீஸ்னா தாமதமானதையே வைங்க. மற்றவர்கள் தடுமாறி முடித்த பிறகு நமக்கு வரட்டும். ஜோஹோவில் ஒவ்வொரு ஆப்புக்கும் 'வாட்ஸ் நியூ' பக்கம் இருக்கு.

எல்லாவற்றையும் படிக்கணும்னு இல்லை. மாதம் ஒருநாள் டீ டைமில் அரை மணி நேரம் போதும். மூடுகிறோம், நிறுத்துகிறோம், கட்டாயமாகிறது, விலை என்று வரும் வரிகளை மட்டும் பொறுக்குங்க. தேதியை காலெண்டரில் ஏற்றி, இரண்டு வாரம் முன்னால் அலாரம் வைங்க. ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் ரெண்டே வரி: "அண்ணா, 15-ம் தேதியிலிருந்து மெயில் திறக்கும்போது போனுக்கு ஒரு நம்பர் வரும். பயப்படாதீங்க, அதைப் போட்டா திறந்துடும்." இந்த ரெண்டு வரி அன்றைக்கு வரப்போற இருபது போன் காலைக் குறைக்கும்.

மாற்றம் நடக்கும்போதுதான் திருடன் வருவான்

'உங்க மெயில்பாக்ஸ் அப்கிரேட் ஆகிறது, 24 மணி நேரத்துக்குள் லாகின் செய்யாவிட்டால் மூடப்படும்' என்று வரும் மெயில் தெரியும்தானே? நிஜமான மாற்றம் பேப்பரில் அடிபடும்போது இது குவியும். ஜனங்களும் 'ஆமா, ஏதோ மாறுதுன்னு சொன்னாங்களே' என்று கிளிக் செய்வார்கள். பெரிய மாற்றங்களுக்கு யாரும் 24 மணி நேரக் கெடு வைப்பதில்லை, வாரக்கணக்கில், மாதக்கணக்கில்தான் அவகாசம் தருவார்கள். மெயிலில் வரும் லிங்க்கைத் தொடாமல், பிரவுசரில் நீங்களே அட்மின் பக்கத்தைத் திறந்து பாருங்க. நிஜமென்றால் அங்கேயும் அதே அறிவிப்பு இருக்கும். தெரியாமல் பாஸ்வேர்டைக் கொடுத்துட்டீங்கன்னா உடனே மாற்றிட்டு, எல்லா டிவைஸிலிருந்தும் லாக் அவுட் செய்யுங்க. அடுத்து, மெயில் செட்டிங்கில் 'ஃபார்வர்டிங்', 'ஃபில்டர்' இரண்டையும் பாருங்க. உங்களுக்கு வருவதெல்லாம் அவனுக்கும் ஒரு காப்பி போகும்படி வைத்திருப்பான். பாஸ்வேர்டை மாற்றினாலும் அது நிற்காது. பணம் போயிருந்தால் 1930-க்கு அடிக்கத் தாமதிக்காதீங்க.

கடைசியாக ஒண்ணு, இது அஞ்சு நிமிஷ வேலை. டொமைனும் அட்மின் அக்கவுன்ட்டும் யாருடைய போன் நம்பரில், யாருடைய மெயிலில் இருக்குன்னு இன்றைக்கே பாருங்க. பல ஆபீஸ்களில் உங்களுக்கு முன்னாடி அந்த சீட்டில் உட்கார்ந்திருந்த அண்ணனுடைய நம்பராகத்தான் அது இருக்கும். அவர் துபாய்க்கு ஃப்ளைட் ஏறி, இந்த சிம் ரீசார்ஜ் ஆகாமல் போறதுக்குள்ள ஒரு போன் போட்டு ஓ.டி.பி. வாங்கி மாத்திடுங்க. மாற்றும்போது முதலாளியையும் இரண்டாவது அட்மினாகச் சேர்த்துடுங்க, நீங்களும் ஒருநாள் வேற வேலைக்குப் போவீங்க இல்லையா?